மனோராஜ்யமும் இணையவலையும்

இஸ்ரேல் நாட்டின் வடபகுதியில், கார்மேல் மலைச்சரிவில் மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்திருக்கும் ஹைஃபா நகரத்தில், இளமையில் கொடுமைகளுக்கு ஆளாகி மனம் நொந்து போனவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்த எலி சோமர் என்னும் உளவியல் பேராசிரியர், தம்மிடம் வந்த ஆறு பேருடைய பேச்சிலே பொதுவாக ஓடிய ஓர் இழையைக் கண்டு வியப்புற்று, அதனை 2002ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அந்த அறுவரும் பிறர் அறியாமல் தத்தம் உள்ளத்துள் ஒரு தனியுலகத்தை நிர்மாணித்து, அதிலே தமக்குப் பிரியமான பாத்திரங்களை உலவவிட்டு, ஆண்டுக்கணக்காக அந்தக் கதையை வளர்த்துக்கொண்டே வந்தவர்கள். அக்கதைகளில் அவர்கள் சிறைப்பட்டு மீண்டார்கள், பகைவரை வென்றார்கள், அழகும் ஆற்றலும் படைத்த வேறு மனிதர்களாக விளங்கினார்கள், நனவில் வாய்க்காத தோழமையையும் ஆறுதலையும் அங்கே பெற்றார்கள். இவ்வளவும் கற்பனையே என்பதை அவர்கள் ஒரு கணமும் மறந்தாரில்லை. பிரமையையும் நிஜத்தையும் பிரித்தறியும் சக்தி அவர்களுக்குப் பூரணமாக இருந்தது. இவர்களுடைய அவஸ்தையைச் சித்தபிரமையினின்றும் வேறுபடுத்துவதும், அதற்குத் தனியானதொரு துயரத்தைத் தருவதும் அந்த அறிவுதான்; தாம் கனவிலே கரைத்துக்கொண்டிருப்பது தம் உண்மையான ஆயுளே என்பதையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

அறிஞர் உலகம் அக்கட்டுரையை அப்போது பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதைத் தேடிப் படித்துக் கண்கலங்கியவர்கள் அதே பகற்கனவு நோயுற்றவர்களே. தமக்கு மட்டுமே நேர்ந்த விநோதம் என்றெண்ணி, தாயிடமும் மனைவியிடமும்கூடச் சொல்ல வெட்கி, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தபடி கனவு கண்டு வந்த பலர், இணையத்தின் துணையால் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெய்ன் பிகெல்சன், சிந்தியா ஷுபக் என்ற இருவர் இத்தகையோர் 90 பேரை விசாரித்து எழுதிய ஆய்வு, இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பிகெல்சன் அம்மையாரே இக்குறையோடு வளர்ந்தவர். அதைப் பின்னர் வெளிப்படையாக எழுதவும் துணிந்தவர். அந்த 90 பேரிலே பெரும்பாலோர், கனவு காணும்போது நடப்பது, ஆடுவது, கையில் ஒரு பொருளை வைத்துச் சுழற்றுவது என ஏதேனும் ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களாக இருந்தனர். சங்கீதம் காதில் விழுந்த மாத்திரத்தில் கனவு தொடங்கிவிடுகிறது என்று கூறியவர்களும் பலர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்விலே, இத்தகையோர் தாம் விழித்திருக்கும் பொழுதில் சரிபாதிக்கு மேல் கனவிலேயே கழிவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விழித்திருக்கும் வாழ்வில் பாதி! இந்த ஒரு செய்தியின் கனத்தை வாசகர்கள் சற்று நிதானித்து உணரவேண்டும் என்று வேண்டுகிறேன்.

பகற்கனவு காணாத மனிதர் எவரும் இலர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். இல்லையேல், சாளரத்தின் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் வைத்தியரிடம் இழுத்துச் செல்லும் பெற்றோர் பெருகிவிடுவர். 2010ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும், 2,250 பேருடைய கைபேசிகளின் வாயிலாக, வேளை கெட்ட வேளைகளில் "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்" என்று வினவிப் பார்த்தபோது, ஏறக்குறைய 47 சதவிகித நேரங்களில் அவர்களுடைய மனம் செய்யும் காரியத்தை விட்டு வேறெங்கோ சென்றிருந்தது என்று தெரியவந்தது. வேலையின்றிச் சும்மா கிடக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை என்பதையும், அப்போது விழித்தெழுந்து இயங்கும் பகுதிகள் அதிலே ஒரு கூட்டமாக உண்டு என்பதையும், செயின்ட் லூயிஸ் நகரத்து மார்க்கஸ் ரெய்க்கிளும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். பாதி மனம் எங்கோ அலைவது மனித சுபாவம்.

வியன்னா நகரத்துச் சிக்மண்ட் ஃப்ராய்ட், 1907ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புத்தகப் பதிப்பாளரின் நிலையத்திலே நிகழ்த்திய சொற்பொழிவில், மனநிறைவு உள்ளவன் கற்பனையில் ஈடுபடுவதில்லை, நிறைவேறாத ஆசையே கற்பனையின் வித்து என்ற கருத்தை வெளியிட்டார். பிற்காலத்தில் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக விளங்கிய ஜெரோம் சிங்கர் இதை ஒப்பவில்லை. பகற்கனவுக்கென்றே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட அவர், 1966ஆம் ஆண்டிலே அதைப் பற்றி ஒரு நூலும் எழுதி, கனவு காண்பவர் யாவரும் ஒரே தன்மையினர் அல்லர் என்று நிறுவினார். நாளைக்கு ஆற்றவேண்டிய காரியத்தை இன்றைக்கே மனத்தில் நடத்திப் பார்த்து இன்புறுகிறவர் ஒரு வகையினர். குற்றவுணர்ச்சியும் அச்சமும் தோல்வியும் நிறைந்த காட்சிகளிலே உழல்கிறவர் இன்னொரு வகையினர். எதிலும் சித்தத்தை ஊன்றமாட்டாமல், கனவிலேகூட நிலைத்து நிற்க இயலாமல் அலைகிறவர் மற்றொரு வகையினர். ஃப்ராய்டின் கூற்றைவிடச் சிங்கரின் கூற்றே உண்மைக்கு அணித்தானது என்பது என் அபிப்பிராயம். அவர் சொன்ன முதல் வகையினரின் கனவிலிருந்துதான் பாலங்களும் காவியங்களும் பிறந்திருக்கின்றன.

ஆயினும், முதல் வகைக் கனவுக்கும் ஆளை விழுங்கும் கனவுக்கும் இடையே சுவர் எதுவும் எழுப்பப்படவில்லை. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவர்த் என்னும் மேட்டுநிலத்துச் சிற்றூரில் வாழ்ந்த பிரான்டி சகோதரிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. தாயையும் மூத்த சகோதரிகள் இருவரையும் இழந்திருந்த அந்த வீட்டுக்கு, 1826ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாதிரியாராகிய தந்தை தம் மகன் பிரான்வெல்லுக்கென ஒரு பெட்டி மரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். எஞ்சியிருந்த நான்கு குழந்தைகளும் அப்பொம்மைகளுக்குப் பெயரிட்டுக் கதை கட்டத் தொடங்கினார்கள். கதை நாடாக வளர்ந்தது. நாட்டுக்கு அரசர்களும் சேனைகளும் சூழ்ச்சிகளும் பத்திரிகைகளும்கூட உண்டாயின. ஷார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்ரியா என்னும் தேசத்தை ஆண்டார்கள். எமிலியும் ஆனும் கோண்டால் என்னும் தீவைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிள்ளை விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாகாது. ஷார்லட்டுக்கு 19 வயதாகி, 1835ஆம் ஆண்டில் ரோ ஹெட் என்னும் பள்ளியில் ஆசிரியையாக அமர்ந்த பின்னரும் ஆங்ரியா அவரை விட்டபாடில்லை. இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கண்முன் ஆங்ரியாவின் மாளிகைகள் எழும். ஜமோர்னா என்னும் அந்நாட்டுத் தலைவன் உயிரோடு வந்து நிற்பான். அந்த வேளையில் ஒரு மாணவி ஐயம் கேட்டு வந்துவிட்டால், அவளைக் கண்டு எழுந்த எரிச்சலையும் வெறுப்பையும் ஷார்லட் தம் குறிப்புகளிலே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தம் கனவைத் தாம் வணங்குவது பாவமோ என்ற பயம் ஒருபுறமும், அதை விட்டால் உயிர்வாழ்வது எப்படி என்ற பயம் மற்றொருபுறமுமாக அவர் அந்நாட்களில் தவித்தார்.

அவர் 1836ஆம் ஆண்டு டிசம்பரில் அரசவைக் கவிஞராகிய ராபர்ட் சதேவுக்குத் தம் கவிதைகளை அனுப்பினார். அடுத்த மார்ச்சு மாதத்தில் பதில் வந்தது. இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாகாது என்று அதில் அவர் எழுதியதே உலகத்தாருக்கு நினைவிருக்கிறது. அது அநியாயமான வார்த்தை, காலமும் அதைப் பொய்யாக்கிவிட்டது. ஆனால், ஓயாத பகற்கனவு மனத்தின் ஆரோக்கியத்தைக் கெடுத்து, உலகத்தின் சாதாரணக் காரியங்கள் யாவற்றையும் சுவையற்றனவாகச் செய்துவிடும் என்ற கருத்திலே அவர் அதே கடிதத்தில் எச்சரித்த பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஷார்லட் அதைக் கவனித்திருக்கவேண்டும். 1839ஆம் ஆண்டளவில் அவர் ஆங்ரியாவிடம் விடைபெற்றுக்கொள்வதாக ஒரு குறிப்பு எழுதினார். 1847ஆம் ஆண்டில் 'ஜேன் அயர்' வெளிவந்தது. கூடவே அதே கனவுலகத்தை ஆண்ட பிரான்வெல் அதனின்றும் வெளியே வர வழி காணாமல், மதுவுக்கும் அபினுக்கும் இரையாகி, 1848ஆம் ஆண்டிலே 31ஆம் வயதில் மாண்டான். ஒரே கூரையின் கீழ், ஒரே பொம்மைப் பெட்டியிலிருந்து பிறந்த கனவுதான் இருவருடையதும். ஒருவரைக் காத்தது எது, மற்றவரைக் கைவிட்டது எது என்று திட்டமாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் ஷார்லட் தம் கனவைக் கைவிரல் அளவுள்ள சிறு ஏடுகளிலே, கண்ணை உறுத்தும் நுண்ணிய எழுத்துக்களில், ஆயிரக்கணக்கான வரிகளாக எழுதி எழுதி உழைத்தார் என்பதும், அந்த உழைப்பே கனவைக் கலையாக்கிற்று என்பதும் என் மனத்தை விட்டு அகலாத எண்ணங்கள். பிரான்வெல்லும் எழுதியவன்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இனி, இணையத்தின் கதைக்கு வருவோம். இணையத்தில் அளவுக்கு மீறி ஆழ்ந்துபோவது ஒரு வியாதியாகலாம் என்று முதன்முதலில் வலியுறுத்தியவர்களுள் ஒருவர் கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியலார். 1996ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பொருளானவர், கணினியிலேயே மூழ்கிக் கிடக்கும் வாலிபர் அல்லர். 43 வயதுள்ள ஓர் இல்லத்தரசி. கணினியைப் பற்றி முன்பின் அறியாத அந்த அம்மையார், வீட்டுக்கு அது வந்த சில மாதங்களுக்குள், வாரத்துக்கு 50 மணி முதல் 60 மணி வரை இணைய அரட்டை அறைகளிலே செலவிடலானார். சமையலும் வீட்டு வேலையும் நின்றன, நண்பர்கள் விலகினர், ஓராண்டுக்குள் கணவர் பிரிந்து சென்றார், பெண்மக்களும் அன்பற்றுப் போயினர். இவரை அந்தப் பெட்டியின் முன் கட்டி வைத்தது எது? கம்பியும் கண்ணாடியுமா? அங்கே முகம் தெரியாத ஒரு கூட்டத்தின் நடுவே அவர் வேறொரு பெயரோடு, வேண்டப்பட்டவராக, பேச்சுக்குப் பதில் கிடைக்கப் பெற்றவராக இருந்தார். ஹைஃபாவின் அறுவர் தம் உள்ளத்துள் படைத்துக்கொண்ட தோழமையை, இவர் தொலைபேசிக் கம்பியின் மறுமுனையிலே கண்டெடுத்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

பகற்கனவு, இணையப் பழக்கம் என்னும் இந்த இரண்டு வெள்ளங்களும் ஒன்று கலக்கின்றன என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் அளந்து காட்டத் தொடங்கியுள்ளன. புடாபெஸ்ட் நகரத்து ஆக்னெஷ் ஷிலாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஹங்கேரியர் 437 பேரை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பிரபல நடிகர்களிடத்தும் பாடகர்களிடத்தும் மிதமிஞ்சிய பக்தி கொண்டவர்களிடையே, கட்டுக்கடங்காத பகற்கனவும், கட்டுக்கடங்காத இணையப் பழக்கமும், தாமும் புகழ் பெறவேண்டும் என்ற தாகமும் சேர்ந்தே மிகுந்து காணப்படுவதாகக் கூறினர். நட்சத்திர வழிபாட்டைப் பற்றி நம் தமிழ் வாசகர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நடிகரின் முகத்தை நாள் முழுதும் கைபேசியில் பார்ப்பதும், பார்க்காத வேளையில் அவரோடு பேசுவதாகவும் பழகுவதாகவும் கற்பிப்பதும் ஒரே பழக்கத்தின் இரு பாதிகள் என்பதை நம் வீடுகளிலேயே காணலாம். சிசிலித் தீவில் என்னா நகரத்துக் கோரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் இன்னும் ஓர் அடி உள்ளே சென்றனர். உறவுகளில் பத்திரமாக இருக்கிறோம் என்ற உணர்ச்சி வாய்க்கப்பெறாதவர்கள் சமூக ஊடகங்களில் கட்டுப்பாடின்றி ஆழ்ந்துபோவதற்கு, இடையிலே நின்று வழிகாட்டுவனவற்றுள் மிதமிஞ்சிய பகற்கனவும் ஒன்றாக இருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவை யாவும் ஒரு காலத்தில் ஒரு முறை வினவி எடுத்த விவரங்களாதலின், எது முந்தியது, எது பிந்தியது என்று இவற்றைக் கொண்டு அறுதியிட்டுவிடக் கூடாது. கனவு இணையத்துக்கு இட்டுச் செல்கிறதா, இணையம் கனவை வளர்க்கிறதா என்றால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும். அந்த இரண்டுக்கும் பின்னால் தாங்கமுடியாத ஏதோ ஒன்று நின்று இரண்டையும் துரத்துகிறது என்றே நான் நம்புகிறேன். அது தனிமையாக இருக்கலாம், அவமானமாக இருக்கலாம், ஒவ்வாத படிப்பாகவோ, வீட்டில் ஓயாத சச்சரவாகவோ இருக்கலாம். அதைக் காணாமல் கைபேசியை மட்டும் பகையாகக் கொண்டாடுவது பிழையான பிரயத்தனம்.

ஆனால் அந்தக் கைபேசி நிரபராதி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பஞ்சதந்திரக் கதையில், கலயம் நிறைய மாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதை விற்று ஆடு வாங்கி, ஆட்டால் மாடு வாங்கி, மாட்டால் மாளிகையும் மனைவியும் மகனும் வாய்க்கக் கண்ட பிராமணன், கனவிலே மனைவியை உதைக்கக் காலை வீசியபோது கலயம் உடைந்து மாவு அவன் தலையில் கொட்டிற்று, அவனும் விழித்துக்கொண்டான். முற்காலத்துப் பகற்கனவுக்கு உலகம் இப்படியொரு தடையை எப்போதும் வைத்திருந்தது. பாத்திரங்கள் பழகிச் சலித்துப் போவர். புதுக் கதைக்கு வழியில்லாமல் மனம் வறண்டு நிற்கும். யாரேனும் பெயர் சொல்லி அழைப்பார்கள். அடுப்பில் பால் பொங்கும். இன்றைக்கோ, கனவுக்கு வேண்டிய முகங்களும் மாளிகைகளும் காதற்காட்சிகளும் சண்டைகளும் கைக்கெட்டும் தூரத்தில் குறைவற்றுக் குவிந்து கிடக்கின்றன. பக்கம் முடிந்தது என்ற எல்லையே தோன்றாதபடி, விரலால் தள்ளத் தள்ளப் புதிது புதிதாக வந்துகொண்டேயிருக்கும் ஏற்பாட்டை 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏசா ராஸ்கின், அதைச் செய்ததற்காகப் பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார். முன்னர் ஒரு பாட்டைத் திரும்பக் கேட்க வானொலிக்குக் காத்திருக்கவேண்டும். இன்று காதிலே செருகிய கருவி, கனவு காண்பவனுக்கு எந்தப் பாட்டு வேண்டுமோ அதையே நூறு முறை பாடுகிறது. சங்கீதமே கனவின் வாசற்கதவு என்று அந்த 90 பேரில் பலர் கூறியதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இதற்கும் மேலே ஒரு படி இப்போது வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கேரக்டர்.ஏஐ போன்ற சாதனங்களிலே, கதைகளில் வரும் பாத்திரத்தையோ, தானே கற்பித்துக்கொண்ட பாத்திரத்தையோ எதிரே இருத்தி, அதனோடு இரவு முழுதும் உரையாடலாம், அது பதில் சொல்லும், கோபிக்காது, உறங்கப் போகாது. ஜமோர்னா தானே வாய் திறந்து பேசியிருந்தால் ஷார்லட் பிரான்டி ஆங்ரியாவிடம் விடைபெற்றிருப்பாரா என்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே அச்சம் உண்டாகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இத்தகைய பாத்திரங்களோடு தடையின்றி உரையாடுவதை 2025ஆம் ஆண்டு நவம்பரில் கேரக்டர்.ஏஐ நிறுவனமே நிறுத்த நேர்ந்தது. கனவு காண்பவன் முன்னெல்லாம் இரு பக்கத்துப் பேச்சையும் தானே பேசவேண்டியிருந்தது. அந்த அளவுக்காவது அவன் படைப்பாளியாக இருந்தான். அந்த எஞ்சிய உழைப்பையும் இயந்திரம் வாங்கிக்கொண்டபின், அவனுக்கு மிஞ்சுவது நுகர்ச்சி ஒன்றே.

கைபேசியிலே மூழ்கியிருப்பவர் எல்லாரும் ஒரு தன்மையர் என்று கருதுவதும் தவறு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துத் திமோத்தி வில்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை பிரசித்தமானது. வெற்றறையில் 15 நிமிஷம் தம் சிந்தனையோடு மட்டும் தனித்திருக்கச் சொல்லி, வேண்டுமானால் அழுத்திக்கொள்ளலாம் என்று மின்னதிர்ச்சி தரும் பொத்தானையும் கொடுத்தபோது, ஆடவர் 18 பேரில் 12 பேரும், மகளிர் 24 பேரில் 6 பேரும் சும்மா இருப்பதைவிட அதிர்ச்சியே மேல் என்று அழுத்திக்கொண்டார்கள். இவர்கள் தம் மனத்துக்குள் இருக்கமாட்டாமல் ஓடுகிறவர்கள். சோமர் கண்டவர்களோ தம் மனத்தை விட்டு வெளியே வரமாட்டாதவர்கள். இரு சாராரும் இறுதியில் ஒரே சிறு திரையின் முன் வந்து அமர்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் தந்தைக்கு இருவரும் ஒன்றாகவே தோன்றுவர். கைபேசியைப் பிடுங்கினால் இருவரும் திருந்துவர் என்றும் தோன்றும். முதல் வகைப் பிள்ளைக்கு அதனால் ஓரளவு பயன் உண்டாகலாம். இரண்டாம் வகைப் பிள்ளையோ வெறுங்கையோடு சுவரைப் பார்த்துப் படுத்து, அதே கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வான். அவனுடைய மறைவிடத்தைப் பறிமுதல் செய்ய எந்தத் தந்தைக்கும் கை எட்டாது.

அவனுக்கு வேறு துணை வேண்டும். சோமரும், பெயெர்ஷெபா நகரத்துப் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரித் சோஃபர்-டுடெக் அம்மையாரும், கோலின் ராஸ் என்பவரும் 2017ஆம் ஆண்டில் 39 பேரை வினவிப் பார்த்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குக் கவனக்குறைபாடு இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கு உடன் இருந்தன. மறு ஆண்டில் 77 பேர் 14 நாட்கள் தொடர்ந்து எழுதி அளித்த நாட்குறிப்புகளைக் கொண்டு பார்க்கையில், கனவு மிகுந்த நாட்களிலே மனத்தின் ஏனைய உபத்திரவங்களும் மிகுந்திருந்ததோடு, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் தொல்லை கனவின் பெருக்கத்துக்கு முன்னரே தலைகாட்டிற்று. ஆகவே, 'சோம்பேறி' என்றும் 'நடிக்கிறாய்' என்றும் ஏசி ஒதுக்கப்படும் ஒருவர் வைத்தியரால் பார்க்கப்பட வேண்டியவராகவே இருக்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் அட்டவணையில், மின்விளையாட்டுப் பழக்கத்தால் வரும் கேட்டுக்கு 2019ஆம் ஆண்டில் இடம் கிடைத்து, 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்தப் பகற்கனவு நோய்க்கோ அந்த அட்டவணையிலும் இடமில்லை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேட்டிலும் இடமில்லை. இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் கிடையாது. ஆனால் பரிகாரமே இல்லை என்று எண்ணவேண்டாம். கனவு எப்போது தொடங்குகிறது, எதைக் கண்டோ கேட்டோ தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை நாள்தோறும் எழுதிவைத்துத் தன்னைத்தானே கவனித்தல், மனத்தை நிகழ்காலத்திலே நிறுத்தப் பழகுதல், கனவைத் தூண்டும் சங்கீதத்தையும் தனிமையையும் சிறிது சிறிதாகக் குறைத்தல் ஆகிய முறைகளைச் சோமரும் சக ஆய்வாளர்களும் கையாண்டு பார்த்தனர். தன்னைக் கவனித்தலும் தியானப் பயிற்சியும் பலருக்குப் பயன் அளித்தன என்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை முடிவு காட்டிற்று. அந்தப் பயிற்சி இணையத்தின் வழியாகவே கற்பிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இணையத்தை அடியோடு வெறுப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் நாட்டிலும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல நிறுவனம், கைபேசிக்கும் இணையத்துக்கும் அடிமைப்பட்டவர்களுக்கென 2014ஆம் ஆண்டு முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்தி வருகிறது.

வைத்தியரிடம் செல்லுமுன் வீட்டிலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும். பிள்ளை எவ்வளவு நேரம் கைபேசியைப் பார்க்கிறான் என்று மணி எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர், அவன் அதிலே எதைத் தேடுகிறான் என்று கேட்டுப் பார்க்கலாம். விசாரணை செய்வதுபோலக் கேட்டால் ஒரு சொல்லும் வெளிவராது. இந்த நோயின் உயிர்நிலையே இரகசியந்தான். அன்போடு பலமுறை கேட்டபின் ஒருநாள், தான் பள்ளியிலே சிறுமைப்படுத்தப்பட்டதையும், கனவிலே தான் பெரிய பாடகனாகி அந்தப் பள்ளிக்கே திரும்பி வருவதையும் அவன் சொல்லக்கூடும். அப்போது சிரித்துவிடாதீர்கள். கனவிலே அவன் பெறும் மரியாதை, நனவில் அவனுக்கு எங்கே மறுக்கப்பட்டது என்பதை அந்தக் கதையே காட்டிக் கொடுத்துவிடும். சிகிச்சை தொடங்கவேண்டிய இடமும் அதுவே.

இதைப் படிப்பவர்களுள், கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் நடக்கிறவர் எவரேனும் இருப்பின், அவரிடம் நேராகவே சொல்கிறேன்: நீங்கள் தனியர் அல்லர்; உங்கள் கற்பனாசக்தி குற்றமும் அன்று; அது உங்கள் நாளில் பாதியை எடுத்துக்கொள்வதாக உணர்ந்தால், இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல இயலாதவர்கள், மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணாகிய 14416க்குப் பேசலாம். இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.